திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், தரங்கம்பாடியில் இரண்டு இரவு: ஒரு வார இறுதியின் முழு ஆய்வு

மணிவிழாவுக்குத் திருக்கடையூர் வருகிற குடும்பங்கள் பெரும்பாலும் முதல் நாள் இரவு சன்னிதித் தெரு விடுதியில் இறங்கி, விடிகாலையில் ஹோமத்தில் உட்கார்ந்து, மதியம் இலை போட்டுச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்கெல்லாம் வண்டி ஏறிவிடுகின்றன. சடங்கில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் பல வருடம் கழித்துக் கூடிய உறவுக்காரர்கள் நாலு வார்த்தை நிதானமாகப் பேசாமலே கலைந்துவிடுவார்கள். இதற்கு நல்ல மாற்று ஒன்று ஏழு கிலோமீட்டர் தூரத்திலேயே இருக்கிறது. சடங்கைத் திருக்கடையூரில் வைத்துக்கொண்டு, தங்குவதைத் தரங்கம்பாடியில் வைத்துக்கொள்வது.

இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு இது: 60 பேர், வெள்ளி மாலை முதல் ஞாயிறு மதியம் வரை, 2027 தை மாதம். திட்டம் எதுவானாலும் ஒரு விஷயத்தை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளைக்கு 60 வயது. பெண்ணுக்கும் கிட்டத்தட்ட அதே வயது. மூட்டு வலி, சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் அவர்களோடு மணையில் வந்து உட்காரும். விருந்தினரின் வசதிக்காக நேரத்தை வகுத்தால் எல்லாம் குளறுபடியாகும். தம்பதியின் உடம்பை வைத்து வகுத்தால் மற்றதெல்லாம் தானே அமையும்.

நாள் குறிப்பது

முதல் சிக்கல் வார இறுதியேதான். மணிவிழாவுக்குக் கணக்கு ஆங்கிலப் பிறந்தநாள் அல்ல. 60 வயது நிறைந்து, பிறந்த தமிழ் ஆண்டு மறுபடி வரும்போது, பிறந்த தமிழ் மாதத்தில், ஜென்ம நட்சத்திரம் கூடிய நாள். 1967 தையில் பிறந்தவர் பராபவ ஆண்டுக்காரர். அந்த ஆண்டு 2026 ஏப்ரல் 14 அன்று திரும்பப் பிறக்கிறது. அவருக்குரிய நாள் 2027 தையில் வரும். 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரு வருடம் முன்னதாகவே மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிடுகிறவர்கள் உண்டு. ஜாதக நோட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் யாரிடமும் பேச வேண்டும்.

நட்சத்திரச் சுற்று 27 நாள் சொச்சம். தமிழ் மாதம் 29 முதல் 32 நாள். எனவே ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வரலாம். அப்படி வந்தால் இரண்டாவதை எடுப்பது பொதுவான வழக்கம். அது செவ்வாயிலோ புதனிலோ விழுந்தால் என்ன செய்வது? காலனைக் காலால் உதைத்த தலம் என்பதால் இங்கே நாள் நட்சத்திரம் பார்க்கத் தேவையில்லை என்ற வழக்கு வெகுகாலமாக உண்டு. அதை நம்பிச் சனிக்கிழமை வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் அபிப்பிராயம் வேறு. நட்சத்திர நாளன்று வீட்டிலோ உள்ளூர்க் கோயிலிலோ பிள்ளைகளோடு ஓர் ஆயுஷ்ய ஹோமம் சிறிதாகச் செய்துவிட்டு, அதற்கடுத்த நல்ல சனிக்கிழமையில் திருக்கடையூரை வைத்துக்கொள்ளலாம். பெரியவர்கள் மனதில் உறுத்தல் இருக்காது, இளையவர்களுக்கும் விடுமுறை கிடைக்கும். எதற்கும் குடும்ப வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

2027 தையில் கட்டாயம் தவிர்க்க வேண்டிய சனிக்கிழமை ஒன்று இருக்கிறது: பிப்ரவரி 6. அன்று தை அமாவாசை. அபிராமி பட்டர் அந்தாதி பாட, அம்பிகை அமாவாசை வானில் நிலவைக் காட்டினாள் என்ற நம்பிக்கை இந்த ஊருக்கு உரியது. அன்று கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. நாள்காட்டியில் சனிக்கிழமையாக இருப்பதைப் பார்த்து ஆசைப்பட்டு அந்தத் தேதியை எடுத்துவிட்டால், ஹோம குண்டத்துக்கும் கலசத்துக்கும் இடம் கிடைப்பதே பெரும்பாடாகிவிடும். பொங்கலை ஒட்டிய நாட்களில் ரயில் டிக்கெட் கிடைக்காது. இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்கள் நல்லவை. ஐப்பசி, கார்த்திகையில் பிறந்தவர்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையில் விளையாடும் காலம் அது. முன்பணத்தைத் தேதி மாற்றிக்கொள்ளும் நிபந்தனையோடு மட்டுமே கொடுங்கள்.

ஊர் எப்படிப்பட்டது

தரங்கம்பாடியை டேனிஷ்காரர்களின் ஊர் என்று மட்டும் சொல்வது பாதிக் கதை. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அங்குள்ள கல்வெட்டு ஊரைச் சடங்கன்பாடி என்றும் குலசேகரன்பட்டினம் என்றும் சொல்கிறது. கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிஞ்சியதைப் புதுப்பித்துக் காத்திருக்கிறார்கள். 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் செய்து டேனிஷ்காரர்கள் டான்ஸ்பர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1706 ஜூலையில் ஜெர்மானிய லூத்தரன் மதபோதகர் சீகன்பால்கு வந்து இறங்கினார். 1715க்குள் தமிழில் புதிய ஏற்பாடு இங்கே அச்சாகி முடிந்தது. அச்சுக்குத் தாள் தயாரித்த இடம் பொறையாறு பக்கம். கடுதாசிப்பட்டறை என்ற பெயர் இன்றும் அங்கே நிலைத்திருக்கிறது. 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. துறைமுக வாணிகம் வேறு ஊர்களுக்கு நகர்ந்தது, ஊர் அப்படியே அமைதியில் ஆழ்ந்தது. கல்யாணக் கூட்டத்துக்கு இந்த ஊர் பிடிப்பது அந்த அமைதிக்காகத்தான்.

மேற்கே நகர வாசல் இருக்கிறது. இப்போதுள்ள வாசல் 1792இல் கட்டியது. அதற்குள் நுழைந்தால் ராஜ வீதி நேராகக் கடலை நோக்கிப் போகும். 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இல் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம், அதனுள் அவருடைய கல்லறை, தேக்குத் தூண் வைத்த திண்ணை வீடுகள் எல்லாம் அந்த அரைக் கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகின்றன. மெதுவாக நடந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம். அறுபது வயதுக்காரர் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய தூரம் இது.

முன்கூட்டிப் போய்ப் பார்ப்பது

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை போய், ஓர் இரவு தங்கி, சனிக்கிழமை பார்த்துவிட்டு வர வேண்டும். வார நாளில் பார்த்தால் கூட்டத்தின் அளவு தெரியாது. இரண்டு பேர் போதும். அதில் ஒருவர் முழங்கால் வலி உள்ளவராக இருந்தால் ரொம்ப நல்லது. படியின் உயரத்தை அவர்தான் சரியாகச் சொல்வார்.

தங்குமிடத்தில் பார்க்க வேண்டியவை இவை. தரைத்தளத்தில் எத்தனை அறை, அதில் எத்தனைக்கு மேற்கத்திய கழிப்பறை, குளியலறையில் பிடிமானம் உண்டா, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் விளக்குக்கு மட்டுமா அல்லது ஏசிக்கும் சேர்த்தா, விடிகாலை நான்கு மணிக்கு 60 பேருக்கு வெந்நீர் வருமா. கடைசிக் கேள்வியை வாயால் கேட்டால் எல்லோரும் வரும் என்றுதான் சொல்வார்கள். நான்கு மணிக்கு எழுந்து குழாயைத் திறந்து பாருங்கள். ஊருக்குள் பெரிய விடுதி கிடையாது. பழைய வீடுகளைச் சீர்செய்த சிறு விடுதிகளே அதிகம். 60 பேர் என்றால் மூன்று நான்கு இடங்களில் பிரிந்து தங்க நேரும். மிச்சம் பேரைத் திருக்கடையூரிலும் பொறையாற்றிலும் வைக்கலாம். ஆனால் தம்பதியும் 70 கடந்தவர்களும் ஒரே கட்டடத்தில், தரைத்தளத்தில் இருக்க வேண்டும்.

பழைய சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டவோ ஆணி அடிக்கவோ கூடாது என்று அலங்காரக்காரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் ஊறிய பூச்சு, டேப்பை உரிக்கும்போது உள்ளங்கை அகலத்துக்குப் பாளமாகப் பெயர்ந்து வரும். உள்ளே செங்கல் தெரியும். அதே அளவு சுண்ணாம்பைக் குழைத்து மறுபடி பூச ஆள் கிடைப்பது அரிது. தானே நிற்கும் மூங்கில் சட்டம், வாழைமரம், தென்னங்குருத்துத் தோரணம் போதும். துணித் திரை வேண்டாம், கடற்காற்றில் பாய்மரம் ஆகிவிடும்.

வழி

தரங்கம்பாடிக்கு இன்று ரயில் கிடையாது. மயிலாடுதுறையிலிருந்து வந்த மீட்டர் கேஜ் பாதை 1980களில் நின்றுபோனது. மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கினால் சாலையில் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். வேனை ரயிலடியிலேயே நிறுத்தி வையுங்கள். வெளிநாட்டு உறவினர்களுக்கு ஊர்ப் பெயரைத் தரங்கம்பாடி, டிராங்குபார் என்று இரண்டு விதமாகவும் எழுதி அனுப்புங்கள், தேடும்போது இரண்டும் கலந்துதான் வரும். 50 இருக்கைப் பேருந்தை நகர வாசலுக்குள் நுழைக்கப் பார்க்காமல் வெளியே நிறுத்திவிட்டு, இரண்டு ஆட்டோவை வைத்து முதியவர்களை உள்ளே கொண்டுவருவதே சரி.

தெற்கே சற்றுத் தூரத்தில் நண்டலாறு தாண்டினால் காரைக்கால். அது புதுச்சேரி எல்லை. திருநள்ளாறு போகலாம் என்று சனி மாலை யாராவது கிளம்புவார்கள். வண்டிக்குப் புதுச்சேரி பர்மிட் உண்டா என்று முன்னதாகவே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பி வரும் வழியில் மதுவிலக்குச் சோதனை உண்டு. டிக்கியில் நாலு பாட்டிலோடு மாட்டிக்கொண்டு, சுபகாரிய வீட்டார் சோதனைச் சாவடியில் நிற்கும்படி ஆகக்கூடாது. இதை மச்சான்மார்களிடம் வீட்டுப் பெரியவர் ஒருவர் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளி மாலை

கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. எனவே வருகிறவர்களை அலைக்கழிக்காமல் அறையும், டிபனும், கடற்கரைக் காற்றும் கொடுத்தால் போதும். தம்பதி மட்டும் இரண்டு பிள்ளைகளோடு ஆறு மணிக்குள் திருக்கடையூர் போய், குருக்களைப் பார்த்து, எந்தப் பிராகாரத்தில் எந்த இடம் என்று உறுதிசெய்துவிட்டு வர வேண்டும். சனி, ஞாயிறுகளில் ஒரே பிராகாரத்தில் பல தம்பதிகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இடம் தெரியாமல் விடிகாலையில் தேடினால் 60 பேரும் வேறு யார் வீட்டுச் சங்கல்பத்திலோ போய் நிற்பார்கள்.

அன்றைக்கே கேட்டு முடிக்க வேண்டியவை: கலசம் 16ஆ, 32ஆ, 64ஆ, பேசிய தொகையில் கோபூஜை, கஜபூஜை, மேளம், மாலை எல்லாம் சேர்த்தியா, அர்ச்சனைச் சீட்டும் தட்சிணையும் தனியா, மணைக்குப் பதில் தாழ்ந்த ஸ்டூல் போடலாமா. கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்காதீர்கள். மூன்று மணி நேரம் சம்மணம் போட முடியாதவருக்கு வழிசெய்து கொடுக்கக் குருக்கள் பழகியவர்கள்தான். முன்னாலேயே சொல்லவில்லை என்பதுதான் சிக்கலாகும்.

சனி காலை

4.30க்குக் காப்பி. சர்க்கரை நோயாளிக்கு வெறும் வயிறு கூடாது. பாலும் பழமும் தடையில்லை என்பது பொதுவான வழக்கம். மாத்திரை, இன்சுலின் நேரத்தை மருத்துவரிடம் முன்னதாகவே கேட்டு, பொறுப்பை ஒரு பிள்ளையிடம் ஒப்படையுங்கள். 5.15க்கு வேன் கிளம்பினால் 5.45க்குக் கோயில் வாசலில் கோபூஜை தொடங்கலாம். சுவாமி சன்னிதி மேற்குப் பார்த்தது, அம்பாள் கிழக்குப் பார்த்தவள். எந்த வாசலில் கூடுவது என்று திசையோடு சொல்லிவையுங்கள்.

அனுக்ஞை, விக்னேஸ்வர பூஜை, சங்கல்பம், கலச ஸ்தாபனம், ஹோமங்கள், பூர்ணாஹுதி என்று 9 மணி வரை போகும். புகை மண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் காற்று வரும் பக்கம் உட்காரட்டும்.

கவனம் முழுக்க வேண்டிய கட்டம் கலசாபிஷேகம். தம்பதி பருத்தி உடையில் சேர்ந்து உட்கார, தலைக்கு மேல் இருவர் சல்லடையைப் பிடித்துக்கொள்வார்கள். நூல் சுற்றிய செம்பிலிருந்து மாவிலையும் தேங்காயும் எடுத்துவிட்டு நீரைச் சல்லடையில் ஊற்ற, அது நூறு இழையாகப் பிரிந்து தலையில் விழும். "மாமி, கண்ணை மூடிக்கோங்கோ" என்று குருக்கள் சொல்லி முடிப்பதற்குள் குங்குமம் கரைந்து மூக்கு வழியாக இறங்கியிருக்கும். பிள்ளைகள் அப்பா அம்மாவைக் குளிப்பாட்டுகிற நேரம் அது. கண் கலங்காதவர் இருக்கமாட்டார்கள். செம்புக்கு முக்கால் லிட்டர் என்று வைத்தாலும் 64 கலசத்துக்கு 48 லிட்டர் தண்ணீர். வந்த எல்லோரும் ஊற்ற ஆசைப்பட்டு, ஆளுக்கு அரை நிமிடம் எடுத்துக்கொண்டால் அரை மணி நேரம் தம்பதி நனைந்தபடி நடுங்குவார்கள். தை மாதக் காலைக் காற்றுக்கு அது தாங்காது. பிள்ளைகள், மருமக்கள், பேரர்கள், உடன்பிறந்தவர்கள் என்று பதினைந்து இருபது பேரோடு நிறுத்தி, மீதிக் கலசத்தைக் குருக்கள் தொடர்ச்சியாக ஊற்றட்டும். மற்றவர்களுக்கு அட்சதை போடும் முறை பின்னால் வரும். யார் யார் ஊற்றுவது என்று பெயர் எழுதி வையுங்கள். சம்பந்தி வீட்டுப் பெரியவர் பெயர் விட்டுப்போனால் அந்த மனக்குறை லேசில் ஆறாது.

ஈரம் வழியும் தரையில் எழுந்திருக்கும்போதுதான் விழுவார்கள். இரண்டு பக்கமும் இரண்டு பேர் நின்று தூக்கிவிட வேண்டும். பெரிய துண்டு நான்கு, ஈரத்துணிக்கு இரண்டு பிளாஸ்டிக் பை, பெண்ணுக்கு உடை மாற்ற மறைவிடம் எது என்ற தகவல், இவை மூன்றும் கைவசம் இருக்கட்டும். பட்டை முதலிலேயே உடுத்திக்கொண்டு அபிஷேகத்தில் உட்காருவது அடிக்கடி நடக்கும் தவறு. சாயம் இறங்கும், ஈரப்பட்டு கனக்கும். பட்டு அபிஷேகத்துக்குப் பிறகுதான்.

பிறகு மாலை மாற்றி, மாங்கல்யதாரணம். புதுத் திருமாங்கல்யம் செய்வதா பழையதையே மஞ்சள் கயிற்றில் கோப்பதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். குங்கிலியக் கலய நாயனாரின் ஊர் இதுதான். நெல் வாங்கக் கொடுத்த மனைவியின் தாலியைச் சுவாமிக்குத் தூபமிடக் குங்கிலியம் வாங்கக் கொடுத்துவிட்டவர் அவர். மறுபடி தாலி கட்ட எத்தனையோ தம்பதிகள் இதே ஊரைத் தேடி வருவதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

சாப்பாட்டை 11.30க்குத் திருக்கடையூரிலேயே முடித்துவிடுங்கள். 60 பேருக்குப் பச்சரிசி 7 முதல் 8 கிலோ, இலை 75, முப்பது முப்பதாக இரண்டு பந்தி. முதல் பந்தியில் தம்பதியும் மூத்தவர்களும். காலை டிபனுக்கு ஆளுக்கு நான்கு இட்லி என்று 240, அதோடு பொங்கல், வடை. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், அதாவது 20 லிட்டர் கேன் ஒன்பது.

சனி மாலை

ஒரு மணிக்கு அறை திரும்பினால், நான்கு மணி வரை தம்பதியை யாரும் எழுப்பக்கூடாது. அலைபேசியைக்கூட வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பந்தி முடிந்ததும் வரவேற்பு, படம், பாட்டு என்று அடுக்கிக்கொண்டே போவதால்தான் மாலையில் மயக்கம், படபடப்பு என்று மருந்துக்கடை தேடும்படி ஆகிறது. மருந்துக்கடை, ஏடிஎம், பெட்ரோல் எல்லாம் பக்கத்துப் பொறையாற்றில் இருக்கின்றன.

நான்கரைக்குக் கோட்டை. ஆறு மணிக்கு முன்பே மூடிவிடுவார்கள், அதனால் தாமதம் கூடாது. மாலை வெயில் நிலத்தைப் பார்த்த மேற்கு முகத்தில் விழும். கடல் பக்கம் நிழலாகிவிடும். குடும்பப் படம் மேற்கு முகத்தில் எடுத்தால் 60 முகமும் தெரியும். கோட்டை மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளது. கைப்பேசியில் எடுப்பது வேறு, விளக்கும் டிரைபாடும் கொண்டுவந்து எடுப்பது வேறு. இரண்டாவதற்கு முன் அனுமதி வேண்டும். டிரோனுக்கு அனுமதி இன்னும் கடினம், அதை நம்பிப் படத்திட்டம் போடாதீர்கள்.

கரையில் கொட்டியிருக்கும் கருங்கல் தடுப்பில் பாசி வழுக்கும், குழந்தைகளை ஏறவிடக்கூடாது. கடலில் இறங்குவதும் வேண்டாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர் பலரைப் பறிகொடுத்தது. மீனவர் தெருக்களில் அந்த இழப்பைச் சுமக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைத்து ஆடுவதற்கு உரிய கரை அல்ல இது. தவிர, ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம்; பளீர் விளக்கைக் கண்டால் ஆமை திரும்பிப் போய்விடும். விடுதி முற்றத்தில் நாதஸ்வரமும், அந்தக் காலக் கல்யாண ஆல்பமும், பேரப்பிள்ளைகள் படிக்கும் வாழ்த்தும் போதும். ஒன்பதரைக்குப் படுக்கை.

ஞாயிறு

சூரியன் ஆறரைக்குக் கடலில் எழும். மாசிலாமணிநாதர் கோயில் வாசலில் நின்று பார்ப்பது எல்லா வயதினருக்கும் ஏற்றது. ஒன்பது மணிக்குள் சிற்றுண்டி. ஆராதனை நடக்கும் நேரத்தில் ஆலயங்களுக்குள் சுற்றிப் பார்க்கக் கூட்டமாய்ப் போகக்கூடாது. முடிந்த பிறகு கேட்டுக்கொண்டு போகலாம். வழியில் ஆனந்தமங்கலத்துப் பத்துக்கை ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுப் போகலாம். அங்கே 1978இல் களவுபோன ராமர், லட்சுமணர், சீதை செப்புத் திருமேனிகள் 2020இல் லண்டனிலிருந்து திரும்பி வந்தவை.

கிளம்புமுன் ஒரு வேலை பாக்கி. 64 கலசத்துத் தேங்காயும் மூட்டையாக அறை மூலையில் கிடக்கும். நனைந்த குடுமியோடு கட்டி வைத்தால் இரண்டு மூன்று நாளில் வாடை அடிக்கும். சனி மாலையே நிழலில் பரப்பிக் காயவைத்து, ஞாயிறு காலை வெற்றிலை பாக்கு, மஞ்சளோடு குடும்பத்துக்கு இரண்டாகத் தாம்பூலப் பையில் போட்டு, வண்டி ஏறும்போது தம்பதி கையாலேயே கொடுக்கச் சொல்லுங்கள். மயிலாடுதுறை ரயிலுக்குப் போகிறவர்களை வண்டி நேரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் ஏற்றிவிடுங்கள்.